கொக்கைப் பாத்தியா, கேமராவைப் பாத்தியா?

வெளுத்ததெல்லாம் கொக்கு, கறுத்ததெல்லாம் நீர்க்காக்கா. நேத்து வரைக்கும் எங்க ஏரிக்கரைப் பொழப்பு இவ்வளவுதான் கண்ணு. அதுக்காக எவனும் சண்டை போட்டதில்லை. கொக்கும் கோவிச்சுக்கிட்டதில்லை.

இப்ப என்னடான்னா, ஞாயித்துக்கெழமை கோழி கூப்பிட நாலு பைக்கு வந்து கரையில நிக்குது. ஆளாளுக்குத் தோள்ல ஒரு மொழத்துக்குக் குழாய் வெச்ச கேமரா. எல போட்ட பச்சைச் சட்டை, பச்சைக் கால்சட்டை, பச்சைத் தொப்பி. எதுக்கு ராசா இந்த வேசம்னு கேட்டா, “பறவைக் கண்ணுக்கு நாங்க தெரியக் கூடாதுங்க தாத்தா”ங்கறே. நல்ல ரோசனைதான். ஆனா மாசி மாசத்து ஏரியில பச்சை எங்க இருக்குது? தண்ணி வத்தி, வண்டல் வெடிச்சு, கோரையெல்லாம் காஞ்சு பழுப்பேறிக் கெடக்குது. அங்க பச்சையா ஒருத்தன் தவந்து வந்தா மொதல்ல தெரியறதே அவன்தான். போதாக்கொறைக்கு ஆக்காட்டிக் குருவி வேற. உன்னைக் கண்டதும் அது போடற கூச்சல்ல அந்தக் கரைக் கொக்கு வரைக்கும் சேதி போயிரும். வேசத்துக்குக் குடுத்த காசு வீணாப் போச்சா இல்லையா?

சரி, வேசத்தை உடு. நீ பண்ற வேலையைக் கொஞ்சம் பாப்போம். வந்தே. குழாயை நீட்டினே. டக்கு டக்கு டக்குன்னு நூறு படம் புடிச்சே. ஒடனே ஏரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உக்காந்துக்கிட்டே. கேமராவுக்குப் பொறகால இருக்கற அந்தக் குட்டிக் கண்ணாடியில படத்தைப் பெருசு பண்ணி, பெருசு பண்ணி, மூக்கு எங்கடா, காலு எங்கடான்னு தேடறே. பொறவு அதைச் செல்லுக்கு மாத்தி நாலு பேருக்குத் தாட்டி உட்டு, “ஐடி ப்ளீஸ்”ங்கறே, பறவைக்குப் பேரு சொல்லோணுமாம். அந்த நாலு பேரு எங்க இருக்காங்க? ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தன் துபாயி. ஏன் சாமி, கொக்கு எங்க இருக்குது? உனக்குப் பொறகால இருவது அடியில! இன்னமும் அங்கயேதான் நின்னு மேஞ்சுக்கிட்டு இருக்குது. திரும்பிப் பாத்தாத் தெரிஞ்சு போவும். அதை உட்டுப்புட்டுத் துபாய்க்காரன் பதிலுக்குக் காத்திருக்கறே. கொக்குத் தலையில வெண்ணெய் வெச்சுப் புடிச்ச ஆளு உன்னை உடக் கெட்டிக்காரன். அவன் கொக்கையாவது பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்.

நாமக்கல்லுல போயிப் பாரு. கூண்டுக்குள்ள லட்சக்கணக்குல கோழி. அத்தனையும் வெள்ளை. அங்க எவனும் ஐடி கேக்கறதில்லை. முட்டை வெல மட்டுந்தான் கேக்கறான். ஏரியில நிக்கற வெள்ளைதான் ஆளை ஆட்டி வெக்குது.

கொக்குல இருந்தே ஆரம்பிப்போம். நம்ம பக்கத்து ஏரியில வெள்ளையா நிக்கறது நாலு சாதி. சின்னக் கொக்கு, உண்ணிக் கொக்கு, நடுத்தரக் கொக்கு, பெரிய கொக்கு. புஸ்தகத்துல என்ன போட்டிருக்குது? சின்னக் கொக்குக்கு மூக்கு கறுப்பு, காலு கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். உண்ணிக் கொக்குக்குக் கட்டை மூக்கு, அது மஞ்சள், தாடை சித்தெ உப்பலா இருக்கும். நடுத்தரக் கொக்குக்கு மஞ்சள் மூக்கு, நுனியில பல சமயம் கறுப்பு. பெரிய கொக்குக்கு நீள மூக்கு, அதுவும் மஞ்சள், கழுத்து நடுவுல ஒடிச்சு வெச்சாப்பல ஒரு மடிப்பு. கேக்கச் சுலுவா இருக்குதில்ல?

இரு, அவசரப்படாதே. முட்டையிடற காலம் வந்தா பெரிய கொக்குக்கு மூக்கு கறுத்துப் போவும். நடுத்தரக் கொக்குக்கும் கறுத்துப் போவும். உண்ணிக் கொக்குக்குத் தலையும் கழுத்தும் காவி பூசினாப்பல மாறிப் போவும். மஞ்ச மூக்குன்னு மனப்பாடம் பண்ணி வெச்சவன் அப்ப என்ன பண்ணுவான்? மூக்கு கறுப்பா இருக்குது, அப்ப இது சின்னக் கொக்குதான்னு எழுதிப்புட்டுப் போயிருவான். பாதத்தைப் பாக்கலையாடான்னா, பாதம் சேத்துக்குள்ள இருக்குதுங்கறான். வெளிய இருந்தாலும் என்ன? சேறு அப்பின காலு எல்லா ஊர்லயும் ஒரே நெறந்தான்.

கெட்டிக்காரங்க ஒரு வழி சொல்லுவாங்க. அது நல்ல வழி, நானும் ஒத்துக்கறேன். கொக்கோட வாய் பொளந்து போற கோட்டைப் பாரு. பெரிய கொக்குக்கு அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பொறகால போவும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழயே நின்னு போவும். மூக்கு கறுத்தாலும் வெளுத்தாலும் இந்தக் கோடு மாறாது. ஆனா கொக்கு பக்கவாட்டுல நிக்கோணும், வெளிச்சம் நல்லா இருக்கோணும், படம் துல்லியமா இருக்கோணும். நீ புடிச்சதுல கொக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. உன்ற மேல என்ன கோவமோ!

இப்ப நான் ஒரு வழி சொல்றேன். அதுக்குக் காசு வேண்டாம். கால்மணி நேரம் சும்மா உக்காரு. அந்த வெள்ளை என்ன பண்ணுதுன்னு பாரு.

மாட்டுக்குப் பொறகாலயே போவுதா? அது உண்ணிக் கொக்கு. மாடு மிதிக்கறப்பக் கெளம்பற பூச்சிதான் அதுக்குத் தீனி. இப்ப ஊர்ல மாடு கொறைஞ்சு போச்சுன்னு டிராக்டர் ஏர் ஓட்டறப்ப அதுக்குப் பொறகால போவுது. காலத்துக்குத் தக்கன மாறிக்கிட்டுது பாரு, அதுக்குப் புத்தி இருக்குது.

ஆழமான தண்ணியில ஒத்தையா, அசையாம, நேரங்காலம் தெரியாம நிக்குதா? பெரிய கொக்கா இருக்கறதுக்குத்தான் வாய்ப்பு எச்சு.

ஒரு எடத்துல நிக்காம அங்கயும் இங்கயும் ஓடி அலும்பு பண்ணுதா? அதைக் கிட்டத்துல கவனி. ஒத்தைக் காலை முன்னால நீட்டும். தண்ணிக்கு அடியில விரலை மட்டும் கிடுகிடுன்னு நடுக்கும். சேறு கலங்கும். சேத்துல பதுங்கிக் கெடக்கற மீன்குஞ்சு பதறிக்கிட்டு வெளிய வரும். வந்த நொடியில மூக்கு உள்ள போயிட்டு வந்திருக்கும். அடுத்த அடி வெக்கக் காலைத் தூக்கும் பாரு, அப்பத் தண்ணி ஒழுகற மஞ்சப் பாதம் பளிச்சுன்னு தெரியும். சின்னக் கொக்கு. முடிஞ்சுது சோலி. இதுக்கு எந்தத் துபாய்க்காரன் வேணும்?

நீ புடிச்ச படம் கண்ணைச் சிமிட்டற நேரம். அந்தச் சிமிட்டல்ல பாதம் உள்ள இருந்திருக்கும். கொக்கு நாள் முச்சூடும் அங்கதான் இருக்குது. அதை நீ பாக்கலை. அதான் கோளாறு.

படத்துல இன்னொரு வில்லங்கம் இருக்குது. படத்துக்கு அளவு தெரியாது. கிட்டத்துல நிக்கற சின்னக் கொக்கும் எட்டத்துல நிக்கற பெரிய கொக்கும் உன்ற படத்துல ஒரே ஒசரம். வெட்டிப் பெருசு பண்ணினா எல்லாமே ஆனைதான். நீர்க்காக்காயில இந்தக் கூத்து இன்னும் எச்சு. சின்ன நீர்க்காக்கா அரை மீட்டர் நீளம். கொண்டை நீர்க்காக்கா அதை விட ஒரு சாண் கூடத் தேறாது. தனியா ஒரு கல்லு மேல றெக்கையை விரிச்சுக் காயப் போட்டுக்கிட்டு நிக்கறப்ப, பெருசா சின்னதான்னு படத்தை வெச்சு எப்படிச் சொல்லுவே? மூக்கைப் பாரு. சின்னதுக்கு மூக்கு குட்டை. கொண்டை நீர்க்காக்காவுக்கு மூக்கு ஒல்லியா, நீளமா, நுனி வளைஞ்சு இருக்கும், கண்ணு பச்சையும் நீலமுமா மின்னும். அதுவும் தெரியலையா? பக்கத்துல ஒரு நாமக்கோழி நீந்தறப்ப, ஒரு எருமை எறங்கறப்ப ரெண்டையும் சேத்துப் புடி. நீ என்னடான்னா எருமை குறுக்க வந்து படம் கெட்டுப் போச்சுன்னு அதை வெட்டி எறியறே. அளவுகோலை வெட்டி எறிஞ்சுப்புட்டு அளவு கேட்டா நான் எங்க போறது?

வெளிச்சம் பண்ற வேலை வேற. உச்சி வெயில்ல வெள்ளைக் கொக்கைப் புடிச்சா வெள்ளை பொங்கிப் போயி, எறகு எது, கழுத்து எதுன்னு தெரியாது. பொழுது சாயற நேரத்துல புடிச்சா எல்லாக் காலும் மஞ்சக் காலு. சூரியனுக்கு எதுக்கால புடிச்சா எல்லாப் பறவையும் கருங்குருவி. பவளக்காலிக்குக் காலு செவப்பு, பச்சைக்காலிக்குக் காலு பச்சைன்னு படிச்சுட்டு வந்தவன், அந்திச் செவப்புல எந்தக் காலை நம்பறது?

நொள்ளமடையானைத் தெரியுமா? அதான், குருட்டுக் கொக்குன்னும் சொல்லுவாங்க. சேத்தோரத்துல மண்ணு நெறத்துல, கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டுக் குந்தி இருக்கும். மிதிக்கப் போற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. கெளம்பிச்சுன்னா பளீர்னு ரெண்டு வெள்ளை றெக்கை. போன வருசம் ஒரு தம்பி உக்காந்திருந்ததை ஒரு படம், பறந்ததை ஒரு படம் புடிச்சு, ரெண்டு சாதிப் பறவை பாத்தேன்னு கணக்கு எழுதினான். இவன் பாங்கியில வேலைக்குப் போனா நமக்கு நல்லது, ஒண்ணு போட்டா ரெண்டா எழுதுவான்!

அதுலயும் இப்ப ஒரு புது மோகம். மடையானைப் பாத்தா மடையான்னு சொல்ல வெக்கமா இருக்குது. “இது சீன மடையானா இருக்குமோ தாத்தா?”ங்கறான். முட்டையிடற காலத்துல ரெண்டுக்கும் நெறம் வேற, பிரிச்சுச் சொல்லலாம். பனிக்காலத்துல ரெண்டும் ஒரே மண்ணு நெறம், ஒரே கோடு. பெரிய பெரிய ஆளுகளே படத்தை வெச்சுப் பிரிக்க மாட்டோம்னு கையை விரிச்சுடறாங்க. உனக்கு மட்டும் சீனாவுல இருந்து தந்தி வந்துச்சா?

இன்னொருத்தன் குருகு பாத்தேன், குருகு பாத்தேன்னு குதிச்சான். வாங்கிப் பாத்தா வக்காவோட குஞ்சு. தவிட்டு நெறம், றெக்கையில வெள்ளை வெள்ளையாப் பொட்டு. வளந்ததும் அதே பறவை தலை கறுத்து, கண்ணு செவந்து, ஆளே மாறிப் போவும். பொழுது மசங்கற நேரத்துல “வக்”குனு கத்திக்கிட்டு ஏரிப் பக்கம் போவும். குஞ்சுக்கு அப்பன் ஆத்தா மொகஞ்சாடை இருக்கோணும்னு பறவைகிட்ட எவனும் சட்டம் போடலை. அரிய பறவை பாத்தேன்னு ஊரைக் கூட்டறதுக்கு முன்னால, இது நம்ம ஊர்ப் பறவையோட குஞ்சா இருக்குமான்னு ஒரு தடவை ரோசனை பண்ணு. பத்துல ஒம்போது தடவை ஊர்ப் பறவைதான்.

இப்ப உள்ளானுக்கு வருவோம். இங்கதான் பெரிய மனுசங்க வேட்டியே அவுந்து போவுது.

ஆவணி பொரட்டாசியில வரும். பங்குனி சித்திரையில போவும். தண்ணி எறங்கின ஏரியில, சேத்தோரத்துல, பழுப்பா, சின்னதா, மூக்கால சேத்தைக் குத்திக்கிட்டே இருக்கும். மேட்டூரு அணையில 120 அடி நெறஞ்சு தளும்பறப்ப இதுக்கு அங்க சோலி இல்லை. தண்ணி எறங்கிச் சேறு தெரிஞ்சாத்தான் அதுக்கு நோம்பி. கொசு உள்ளானைக் கையில எடுத்தா எடை ஒரு கோழி முட்டையில பாதிதான் இருக்கும். அது எங்க இருந்து வருது தெரியுமா? சைபீரியாவுக்கு வடகோடியில, பனி உருகற வெட்டவெளியில முட்டை வெச்சுப் பொரிச்சுட்டு இங்க வருது. பாதி முட்டை எடை, அத்தனை ஆயிரம் மைலு. நீ மல்லூருல இருந்து பைக்குல வந்துட்டு இடுப்பு வலிங்கறே.

காமன் சாண்ட்பைப்பர், வுட் சாண்ட்பைப்பர், கிரீன் சாண்ட்பைப்பர்னு உள்ளான்லயே மூணு சாதி சொல்றீங்க. மூணும் பழுப்பு, மூணும் அடிவயிறு வெள்ளை. படத்தை வெச்சுப் பாத்தா மூணும் ஒரு வயித்துப் புள்ளைக. நேர்ல பாரு. கல்லோரத்துல ஒத்தையா நின்னுக்கிட்டு, நிக்கறப்பவும் நடக்கறப்பவும் பொறத்தை ஆட்டிக்கிட்டே இருந்தா அது காமன். நெஞ்சுக்கும் றெக்கைக்கும் நடுவுல வெள்ளை உள்ள புகுந்திருக்கும். முதுகுல தவிடு தூவினாப்பல பொட்டு, கண்ணுக்கு மேல வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டி நீளமாப் போனா அது வுட். நெல்லு வயல் தண்ணியில நாலஞ்சு ஒட்டுக்கா மேயும். முதுகு கறுத்துக் கெடந்து, புருவம் கண்ணோட நின்னு போயி, வாய்க்கா மூலையில தனியாப் பதுங்கி இருந்தா அது கிரீன். தொரத்திப் பாக்காதே, அதுவாக் கெளம்பட்டும். கெளம்பறப்ப றெக்கைக்கு அடிப்பக்கம் கறுப்பு, இடுப்புல பளிச்சுன்னு வெள்ளை. வுட்டுக்கு றெக்கை அடிப்பக்கம் வெளுப்பு. சத்தமும் வேற வேற.

இதுல பாதி சேதி அசைவு, மீதி சேதி சத்தம், எடம், கூட்டு. வாலை ஆட்டறது படத்துல வருமா? கத்தறது படத்துல கேக்குமா? தனியா இருந்துதா, கூட்டமா இருந்துதான்னு வெட்டின படம் சொல்லுமா? அதெல்லாம் உன்ற கண்ணுலயும் காதுலயும் தங்கி இருக்கோணும். நீதான் அந்த நேரத்துல கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டு இருந்தியே.

மூக்கு நீண்ட உள்ளான் இருக்குது பாரு, ஸ்னைப்னு சொல்றீங்களே, அது எல்லாத்துக்கும் பாட்டன். ஊசிவால் உள்ளான், விசிறிவால் உள்ளான்னு ரெண்டு. கோரைக்குள்ள குந்தி இருக்கறப்ப ரெண்டும் அச்சா ஒண்ணு. வித்தியாசம் எங்க இருக்குது? வால்ல. விசிறிவாலுக்கு வாலெறகு பெரும்பாலும் 14. ஊசிவாலுக்கு 26 வாக்குல. ஓரத்து எறகெல்லாம் ஊசியாட்டம் ஒல்லி. பறக்கறப்ப விசிறிவாலுக்கு றெக்கையோட பின்னோரத்துல வெள்ளைக் கோடு தெரியும், மத்ததுக்கு அது தெரியாது. இப்பச் சொல்லு. காலடியில இருந்து கெளம்பி வளைஞ்சு வளைஞ்சு பறக்கற பறவையோட வாலெறகை உன்ற படத்துல எண்ணுவியா? எண்ணினதாச் சொல்ற ஆளை நான் பாத்திருக்கேன். அவன் பேச்சைக் கேட்டதுக்குப் பொறவு அவன் சொன்ன மத்த கணக்கையும் நம்பறதில்லை.

அந்த வாலெறகை மொதல்ல எண்ணினவன் எப்படி எண்ணினான்? செத்த பறவையைக் கையில வெச்சு எண்ணினான். வெள்ளைக்காரன் காலத்துல பறவைக்கு ஐடின்னா துப்பாக்கிதான். 1929-30ல வெர்னே ஆய்வுன்னு ஒண்ணு நடந்துது. கிழக்கு மலைத்தொடர் நெடுக்க ஆள் அனுப்பிப் பறவை சேத்தாங்க. நம்ம சேர்வராயன் மலைக்கும் வந்தாங்க. சுட்டு, தோலை உரிச்சு, பஞ்சடைச்சு, காலுல சீட்டுக் கட்டிப் பொட்டியில வெச்சாங்க. அதையெல்லாம் வெச்சுத்தான் பறவை ஆராய்ச்சிக்காரங்க விஸ்லரும் கின்னியரும் பக்கம் பக்கமா எழுதினாங்க. கையில பொணம் கெடந்ததால எறகை அளக்க முடிஞ்சுது. இப்பத் துப்பாக்கி போயிக் கேமரா வந்திருக்குது. நல்லது, பறவை உசுரோட போவுது. ஆனா பொணத்தை வெச்சுக்கிட்டு அளந்த அளவையெல்லாம் படத்துல தேடினா கெடைக்குமா? உசுரோட இருக்கற பறவையில உசுரு இருக்கறதைப் பாரு. அது நடக்குது, திங்குது, கத்துது, சண்டை போடுது. அந்தச் செத்த பொட்டியில இந்தச் சேதி ஒண்ணு கூடக் கெடையாது.

கேமராவைக் கொறை சொல்றேன்னு நெனைக்காதே. மா. கிருஷ்ணன்னு ஒருத்தர் இருந்தார். 1912ல பொறந்து 1996ல போயிச் சேந்தார். நாவல் எழுதின மாதவையாவோட மகன். அவரும் படம் புடிச்சவர்தான், அதுவும் கறுப்பு வெள்ளையில. அங்க ஒரு துண்டு, இங்க ஒரு துண்டுன்னு ஒட்டுப் போட்டுச் சேத்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ன்னு பேரு வெச்சிருந்தார். அவர் எழுதினதைப் படிச்சுப் பாரு. பறவை என்ன பண்ணுச்சுங்கறதுதான் எச்சா இருக்கும். அவருக்கும் முன்னால சத்திமுத்தப் புலவர்னு ஒரு ஏழைப் புலவர், நாரையைத் தூது உட்டுப் பாட்டுப் பாடினார். காலோட நெறம், மூக்கோட வடிவம், எந்தத் திசைக்குப் போவுதுங்கற சேதி, மூணும் பாட்டுக்குள்ள இருக்குது. அதை வெச்சு இன்னைக்கும் அது இன்ன நாரைன்னு சொல்லிப் போடலாம். பசியில கெடந்த மனுசனுக்கு இருந்த கவனம் வயிறு நெறஞ்ச உனக்கு வேண்டாமா?

இன்னொரு கூத்தையும் சொல்லிப் போடறேன். மெர்லின்னு ஒரு ஆப் இருக்குதாம். அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வகம் செஞ்சது. படத்தைக் குடுத்தா பேரு சொல்லுது. அந்த மெசினு உன்னை மொதல்ல என்ன கேக்குது, கவனிச்சியா? எங்க பாத்தே? எப்பப் பாத்தே? இந்த ரெண்டையும் கேட்டுப்புட்டுத்தான் அது வாயைத் தொறக்குது. இந்த மாசத்துல இந்த ஊர்ல என்ன இருக்கும்னு கணக்குப் போட்டு, அதுல எதுன்னு பாக்குது. எங்க பாட்டன் பண்ணினதும் அதேதான். மெசினுக்கு வந்த புத்தி உனக்கு ஏன் வரலை? நாலு பேருக்குப் படத்தை அனுப்பறப்ப தேதியும் கெடையாது, ஊரும் கெடையாது. வெறும் கொக்கை அனுப்பி வெச்சா அது கன்னங்குறிச்சிக் கொக்கா, காஷ்மீர்க் கொக்கான்னு அவங்க சோழியா உருட்டிப் பாப்பாங்க?

மெசினு சொன்னதையும் அப்படியே முழுங்காதே. அது குடுக்கறது ரோசனை, தீர்ப்பு இல்லை. நெலத்துப் பத்தரத்துல கையெழுத்துப் போடறவன் நீதானே?

கடைசியா மொக்கியமான சேதி. பேரு தெரியலைன்னா என்ன பண்றது? தெரியலைன்னு சொல்றது. அதுல என்ன மானம் போவுது? பறவைக் கணக்கு எழுத உலகம் பூரா ஈபேர்டுன்னு ஒண்ணை வெச்சிருக்காங்க, 2002ல ஆரம்பிச்சது. அதுலயே, உறுதியாத் தெரியலைன்னா ‘ஏதோ ஒரு உள்ளான்’னு எழுத எடம் உட்டிருக்காங்க. ரெண்டுல ஒண்ணுன்னு தெரிஞ்சா ‘இதுவோ அதுவோ’ன்னு எழுதவும் எடம் இருக்குது. செஞ்சவங்களுக்கே தெரியும், எல்லாப் பறவையும் பேரு சொல்லிட்டு நிக்காதுன்னு. நம்ம பசங்களுக்குத்தான் அந்த வரியைத் தொடக் கை கூசுது. எண்ணிக்கை கொறைஞ்சு போயிருமாம்! எத்தனை சாதி பாத்தேங்கறதுல பந்தயமாம்! ஏன் கண்ணு, பந்தயத்துல செயிச்சா கொக்கு வந்து மாலை போடுமா?

நீ எழுதற கணக்கு வெளையாட்டு இல்லை. 2015ல இருந்து தமிழ்நாட்டுல பொங்கல் சமயத்துல பறவை எண்ணறாங்க. பொங்க வெச்சு முடிச்சு, கால்மணி நேரம் நின்னு எண்ணினாப் போதும், ஆரும் எண்ணலாம். வருசா வருசம் எண்ணினாத்தான் எது கொறையுது, எது கூடுதுன்னு தெரியும். அதுல ஆசைக்கு ஒரு அரிய பறவையை எழுதிப்புட்டா, பின்னால வர்றவன் அந்தப் பொய்யை வெச்சுக் கணக்குப் போடுவான். தப்பா எழுதின ஒரு பேரை விட, தெரியலைன்னு எழுதின பத்து வரி மேல்.

அரிய பறவைக்கு நீ இத்தனை அலையறே. ஏரி இருக்குதான்னு பாத்தியா? மூக்கனேரியைப் பாரு. 2010 வாக்குல சேலத்து சனங்க சேந்து தூர் வாரி, நடுவுல மண்ணுத் திட்டுப் போட்டு மரம் வெச்சாங்க. இப்பப் பறவை வந்து அடையுது, நீயும் வந்து படம் புடிக்கறே. பனமரத்துப்பட்டி ஏரி ஒரு காலத்துல சேலத்துக்கே தண்ணி குடுத்துது. பொறவு காஞ்சு கெடந்து சீமைக்கருவேலங் காடாப் போச்சு. திருமணிமுத்தாறு நாமக்கல் சீமை வழியாக் காவேரிக்குப் போற ஆறு. அதுல சாக்கடையும் சாயத் தண்ணியும் ஓடறதை ஊரே பாத்திருக்குது. அதையும் ஒரு படம் புடி சாமி. அதுக்கு ஐடி கேக்க வேண்டியதில்லை, யாரு வூட்டு அழுக்குன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

கூடு இருக்கற எடத்துல குழாயைக் கொண்டு போயி நீட்டாதே. நெடுங்கால் உள்ளானும் ஆக்காட்டியும் வெறும் மண்ணுல முட்டை வெக்கும், நீ படத்துக்குக் கோணம் பாக்கற எடம் அதோட பொரிப்பு வீடு. பறக்கற படம் வேணும்னு கல்லை உட்டெறிஞ்சு கூட்டத்தைக் கெளப்பாதே. சைபீரியாவுல இருந்து வந்த ஒறம்பரையைத் தூங்க உடாத ஊடு ஒரு ஊடா?

சரி, வெயில் ஏறுது. சொல்ல வேண்டியதைச் சுருக்கமாச் சொல்றேன், கேட்டுக்கோ. ஏரிக்குப் போனதும் மொதக் கால்மணி நேரம் கேமரா பைக்குள்ளயே இருக்கட்டும். கண்ணால பாரு, காதால கேளு. எங்க நிக்குது, எப்படி நடக்குது, கூட ஆரு இருக்காங்க, என்ன திங்குது, எந்தப் பக்கம் வெளிச்சம், இதையெல்லாம் துண்டுச் சீட்டுல எழுது, தேதியோட, ஊரோட. பொறவு படம் புடி. பக்கவாட்டுல ஒண்ணு, பறக்கறப்ப ஒண்ணு, எருமையோட சேத்து ஒண்ணு. வூட்டுக்கு வந்து புஸ்தகத்தைப் பொரட்டு. சலீம் அலி 1941லயே இந்தியப் பறவைகளைப் பத்திப் புஸ்தகம் எழுதி வெச்சிருக்கார். தமிழ்ல வேணும்னா ஜெகநாதனும் ஆசையும் சேந்து எழுதின ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ 2013ல வந்திருக்குது, க்ரியா போட்டது. அதுக்கும் மேல பேரு கெடைக்கலைன்னா, ‘உள்ளான் ஒண்ணு, எதுன்னு தெரியலை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. உள்ளது உள்ளபடி எழுதினா அதுதான் சரியான கணக்கு.